சேறு விற்காத ஊர்

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு மழைமானியில் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் இருந்தது. சுல்மா பெரெத்தி இரண்டு முறை பார்த்தாள். குழாயைக் கவிழ்த்துத் தண்ணீரைப் புல்லில் கொட்டினாள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்துபோய் மண்சாலையின் குறுக்கே சங்கிலியை இழுத்துப் பூட்டினாள்.

சாவி எப்போதும் மூலை வீட்டில்தான் இருக்கும். தார்ச்சாலையிலிருந்து மண்சாலை பிரிகிற இடத்தில் அவள் வீடு. முன்பு அப்பா பூட்டினார். இப்போது அவள். சங்கிலிக்கு அந்தப் பக்கம் பதினோரு கிலோமீட்டருக்குப் பதினான்கு மாட்டுப்பண்ணைகள். மழை பெய்தால் சாலை காயும்வரை அதில் சக்கரம் படக்கூடாது. கறுப்புக் களிமண். ஈரத்தில் ஒரு வண்டி போனால் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும். அது அப்படியே காய்ந்து கல்லாகிவிடும். அப்புறம் பால் லாரி வர முடியாது. பண்ணைக் குளிர்தொட்டியில் பால் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் வாய்க்காலில் கொட்ட வேண்டும்.

தொலைபேசி ஓயாமல் சிணுங்கியது. மழை பெய்த காலையில் கொலோனியா என்கிற அந்தப் பண்ணைக் குடியிருப்பில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. எண் சொல்வார்கள்.

"எனக்கு நாப்பத்தொண்ணு."

"எனக்கு அம்பத்தி ஏழு."

"அளந்தது மழைமானியிலயா, மாட்டுக்குத் தண்ணி வைக்கிற வாளியிலயா?"

"உனக்குப் பொறாமை."

சுல்மா தன் எண்ணைச் சொன்னாள். சங்கிலி போட்டாச்சு என்றாள். வடகாற்று அடித்தால் சனிக்கிழமை மத்தியானம் திறக்கலாம். சாயங்காலம் லாரி வரலாம். மாத்தே இலையில் ஊற்றிக் குடிக்கத் தண்ணீர் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெற்குப் பக்கம் சாய்ந்து ஆடின. வடகாற்றுதான்.

கொட்டகைக்குள் ஒரு சிவப்பு செடான் நின்றது. கம்பளி போர்த்தியிருந்தாள். அவளுடையது அல்ல. நாளைக்கு ஊர்க் கண்காட்சித் திடலில் திரை விலக்கிக் காட்டப்போகிற வண்டி. மாகாணத்துக்கே வந்திருப்பது அது ஒன்றுதான். வியாழக்கிழமை ஆலங்கட்டி விழும் என்று வானொலியில் சொன்னார்கள். அவள் வேலை பார்க்கும் ஷோரூமின் பின்கூரை பிரித்துப் போட்டுக் கிடந்தது. முதலாளி டான் நெல்சோ அவளைக் கூப்பிட்டு, "உன் கொட்டகையில வச்சுக்கோ, ஒரு கல் பட்டாலும் நான் செத்தேன்" என்று சாவியை நீட்டினார். ஆலங்கட்டி விழவில்லை. மழைதான் விழுந்தது.

அந்த வண்டியை அவளிடம் ஒப்படைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. செவ்வாய்க்கிழமையே முடிவாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை தலைநகரிலிருந்து எஸ்தேபான் லார்ரேயா வந்திருந்தான். வண்டி தயாரிக்கும் நிறுவனத்தின் சந்தைப் பிரிவு. முப்பத்தைந்து வயதிருக்கும். பூட்ஸ் புதிது, அதன் அடிப்பாகம் இன்னும் வெள்ளையாக இருந்தது. சுவரில் ஒரு படம் ஓட்டிக் காட்டினான். டர்போ பிக்கப் சேற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. கண்ணாடியில் சேறு, கதவில் சேறு, வானத்தில் சேறு.

"பத்துப் பேருக்குக் காட்டினோம். எட்டுப் பேரு கண்ணை எடுக்கல" என்றான்.

"எந்தப் பத்துப் பேரு?" என்றாள் சுல்மா.

"தலைநகர்ல. நாலு வட்டாரம்."

"அவங்க வாசல்ல சேறு இருக்கா?"

"இல்ல. அதனாலதான் பாக்குறாங்க."

"எங்களுக்கு வாசல்லேயே இருக்கு. நாங்க பாத்துட்டோம்."

டான் நெல்சோ இருமினார். லார்ரேயா சிரித்தான். நல்ல பல் அவனுக்கு.

பிறகு கண்காட்சியில் யார் எங்கே நிற்பது என்ற பட்டியல். பிக்கப் பக்கம் ரேஸ் ஓட்டுநர் கீகோ மான்சுர். கோர்தோபாக்காரன். இரண்டு கோப்பை வென்றவன். செடான் பக்கம் சுல்மா.

"சிவப்புக்குப் பக்கத்துல சிவப்பு டிரஸ். படத்துல எடுப்பா இருக்கும்" என்றான் லார்ரேயா.

"பதினேழு வருஷமா இங்க பிக்கப் விக்கிறது நான்."

"தெரியும் சுல்மா. யாரு இல்லேன்னா? ஆனா டர்போங்கிறதை ஒரு ஆம்பளை வாயால சொன்னாத்தான் எடுபடும்."

"நான் சொன்னா காத்து எறங்கிடுமா?"

கூட்டம் முடிந்ததும் டான் நெல்சோ அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். விற்பனைத் தலைவரின் அறை. ஆறு மாதமாகக் காலி. மூன்று தலைவர்களை அவள் அந்த நாற்காலியில் பார்த்துவிட்டாள். மூன்று பேரும் வெளியூர். மூன்று பேருக்கும் எந்தப் பண்ணையில் எத்தனை மாடு, யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

"ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோ. திங்கட்கிழமை இந்தக் கதவுல உன் பேரு. வார்த்தை குடுத்துட்டேன்" என்றார் டான் நெல்சோ.

அவள் கதவைப் பார்த்தாள். பழைய பெயரைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை ஒட்டியிருந்தது. சரி என்றாள். அந்த அறை அவளுக்கு வேண்டும். வேண்டாம் என்று நடிக்க அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு டான் நெல்சோ தொலைபேசியில் வந்தார்.

"எவ்வளவு பெஞ்சுது?"

"நாப்பத்தெட்டு."

"லார்ரேயா துள்ளிக் குதிக்கிறான். தண்ணி லாரி வச்சு நனைக்கலாம்னு இருந்தானாம். ஆண்டவனே நனைச்சுட்டாராம். மூணு மணிக்கு உன் சாலைக்கு வர்றாங்க, படம் எடுக்க."

"சாலை மூடியிருக்கு."

"அதான் சாவி உங்கிட்ட இருக்கே."

"சாவி எங்கிட்ட இருக்கிறதாலதான் மூடியிருக்கு."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "சுல்மா. ஒரே ஒரு தடவை. போயிட்டு வந்துடுவாங்க."

"ஏப்ரல் ஞாபகம் இருக்கா டான் நெல்சோ?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஏப்ரலில் ஒரு வேட்டைக்காரன் ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கிலியை வெட்டிக்கொண்டு உள்ளே போனான். வெளியூர்க்காரன். பன்னிரண்டு நாள் லாரி வரவில்லை. பதினான்கு பண்ணைகளும் பாலை வாய்க்காலில் விட்டன. ஒரு வாரம் அந்த வாடை. வேட்டைக்காரனின் பிக்கப் மூன்றாவது கிலோமீட்டரில் பாதி புதைந்து நின்றது. அதன் பின்கதவில் டான் நெல்சோவின் ஷோரூம் ஸ்டிக்கர். விற்றவள் சுல்மா. தொலைபேசியில் விற்றாள், ஆளைப் பார்த்ததுகூட இல்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் கொலோனியாவிலிருந்து ஒருவர்கூட ஷோரூம் படி ஏறவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. ரொட்டிக்கடையில் வணக்கம் சொன்னார்கள். வண்டி மட்டும் வாங்கவில்லை.

இதெல்லாம் லார்ரேயாவின் படத்தில் வராது. இங்கே மழைநாளில் கதவுவரை சேறோடு ஒருவன் ஊருக்குள் வந்தால், காப்பிக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாருடைய சாலையைக் கெடுத்துவிட்டு வருகிறாய் என்று கேட்பார்கள். அதனால் வண்டியைக் கழுவிக்கொண்டுதான் ஊருக்குள் வருவார்கள். அவள் பிக்கப் விற்கும்போது டர்போவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். கன்றுக்குட்டிகளை ஏற்றிய இழுவண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் ஏறும்போது பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடிக்கமாட்டான். அவ்வளவுதான். வாங்க வந்தவர்கள் தலையாட்டுவார்கள். பின்தட்டைத் திறந்து நாயை ஏறச் சொல்வார்கள். நாய் ஒரே தாவில் ஏறினால் பாதி வியாபாரம் முடிந்தது.

இரண்டு மணிக்கு ஒனேலியோ பொலியோனே குதிரையில் வந்தார். ஏழாவது பண்ணை. அறுபத்தெட்டு வயது. மழை நாளில் எல்லோரும் ஓரப்புல்லில் குதிரையில்தான் வருவார்கள். சங்கிலிக்கு அந்தப் பக்கம் குதிரையை நிறுத்தினார். இறங்கிக் குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தார்.

"காத்து நல்லா அடிக்குது. நாளைக்கு லாரி வந்துடும்" என்றார்.

"தொட்டி எப்படி இருக்கு டான் ஒனேலியோ?"

"நாளைக்குக் காலைக் கறவையோட ரொம்பிடும். நாளைக்கு வரலேன்னா பன்னிங்களுக்குத் திருவிழா." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரேஸ்காரன் ஒருத்தன் வர்றானாமே? ரொட்டிக்கடையில சொன்னாங்க."

"வர்றான்."

"உள்ள விடப்போறியா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் என்னத்த நினைக்க? சாவி உங்கிட்ட இருக்கு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் குதிரையின் வாரைச் சரிசெய்தார். "கதவுல பேரு போடப்போறாங்கன்னும் சொன்னாங்க."

"ரொட்டிக்கடையில எல்லாமே சொல்றாங்க."

"ரொட்டிதான் சுமாரா இருக்கு."

அவர் கிளம்பவில்லை. குதிரையைப் புல்லில் மேயவிட்டுச் சங்கிலிக் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

மூன்று மணிக்குச் சொல்லிவைத்ததுபோல் வந்தார்கள். முன்னால் பிக்கப். வெள்ளி நிறம், பளபளவென்று. ஓட்டியது கீகோ மான்சுர். குள்ளமான ஆள், காது பெரிது. பக்கத்தில் லார்ரேயா. பின்னால் வேனில் படப்பிடிப்புக்காரர்கள் இரண்டு பேர். தார்ச்சாலையிலிருந்து சங்கிலிவரை கல் பாவிய சின்னப் பாலம். எதிரெதிரே இரண்டு லாரி போக முடியாத அகலம். இரு பக்கமும் வாய்க்கால் கரைதட்ட ஓடியது. பிக்கப் பாலத்துக்கு முன்னால் நின்றது.

லார்ரேயா இறங்கினான். சங்கிலிக்கு அப்பால் பார்த்தான். ஈரச்சாலை கறுப்பாக, ஒரு கீறல் இல்லாமல் அடிவானம்வரை போனது.

"அழகு. இதைவிட வேற என்ன வேணும்? திறங்க சுல்மா" என்றான்.

"நாளைக்கு மத்தியானம் திறப்பேன்."

"நாளைக்குக் காஞ்சிடும்."

"அதுக்குத்தான்."

அவன் ஒனேலியோவைப் பார்த்தான். "இவரு யாரு?"

"வாடிக்கையாளர். நீங்க படம் எடுக்கிறது இவருக்குத்தானே?"

"ஓ, நல்லதாப் போச்சு. ஐயா, நீங்களே சொல்லுங்க. இந்த வண்டி இந்தச் சேத்துல பறக்கிறதைப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

ஒனேலியோ யோசித்தார். "போலீஸைக் கூப்பிடணும்னு இருக்கும்."

பிக்கப்புக்குள்ளிருந்து கீகோ மான்சுர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

லார்ரேயா சுல்மாவைத் தனியே கூப்பிட்டான். குரலைத் தாழ்த்தினான். "பாருங்க. நீங்க கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியும். அந்த அறை உங்களுக்குத்தான்னு நானும் கையெழுத்துப் போடணும். திங்கட்கிழமை போடறேன். நாலே நாலு தடவை போய் வந்தா முடிஞ்சுது. சாலையை அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"எதை வச்சு?"

"மண் வாரிக் கொட்டி."

"வாரி வர்ற லாரி எது மேல வரும்?"

அவன் தொலைபேசியை எடுத்து டான் நெல்சோவை அழைத்தான். இரண்டு நிமிடம் பேசிவிட்டு அவளிடம் நீட்டினான்.

"சுல்மா, சாவியைக் குடு" என்றார் டான் நெல்சோ. அவர் குரல் கெஞ்சியது. "எனக்காக. வண்டி அனுப்புறதையே நிறுத்திடுவேங்கறான். நான் என்ன பண்ணுவேன்?"

"எங்கிட்ட வாங்கினதுன்னு ஒரு வண்டி ஏற்கெனவே இந்தச் சாலையைத் தின்னிருக்கு டான் நெல்சோ. இன்னொண்ணு திங்காது."

"அப்ப கதவுல பேரு இல்ல. புரியுதா?"

"புரியுது."

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

லார்ரேயா வேன்காரர்களிடம் திரும்பினான். "கத்தரி இருக்கா? இரும்பு வெட்டுறது?"

"இருக்கு."

"எடு."

ஒனேலியோ கம்பத்திலிருந்து நிமிர்ந்தார். சுல்மா திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள். பூட்ஸ் சளக் சளக் என்றது. சாவி எடுக்கப் போகிறாள் என்று லார்ரேயா நினைத்திருக்க வேண்டும். கத்தரியோடு வந்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினான்.

சாவிதான் எடுத்தாள். வேறு சாவி.

கொட்டகைக் கதவு திறந்தது. கம்பளி விழுந்தது. சிவப்பு செடான் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. தரையை ஒட்டிய வண்டி. அதன் வயிறு புல்லைத் தடவியது. முற்றத்துச் செங்கல் தளத்தில் அவள் முட்டை மேல் ஓட்டுவதுபோல் ஓட்டினாள். நின்றிருந்த பிக்கப்பின் ஓரமாக நுழைந்து பாலத்தில் ஏறி, சங்கிலிக்கு முன்னால் குறுக்காகத் திருப்பி நிறுத்தினாள். மூக்கு ஒரு கம்பத்தைத் தொட்டும் தொடாமலும். வால் இன்னொரு கம்பத்திடம். இஞ்சினை அணைத்தாள். கதவுகள் பூட்டும் சத்தம் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கேட்டது. ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

குதிரை புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"அதை எடு" என்றான் லார்ரேயா. இப்போது 'ங்க' இல்லை.

"செடான் பக்கம் நிக்கச் சொன்னது நீங்கதான். நிக்கிறேன்."

"இது விளையாட்டா உனக்கு?"

"டிரஸ்தான் சிவப்பா இல்ல. மன்னிச்சுக்கோங்க."

அவன் மறுபடி டான் நெல்சோவை அழைத்தான். மாற்றுச் சாவி கேட்டான். அந்தப் பக்கம் சொன்ன பதில் எல்லோருக்கும் கேட்டது. மாற்றுச் சாவி செடானுக்குள்ளேயே இருந்தது, இரண்டும் ஒரே வளையத்தில். தொலைந்துவிடக் கூடாதே என்று டான் நெல்சோ சேர்த்துக் கோர்த்திருந்தார்.

லார்ரேயா பிக்கப்பின் கதவைத் தட்டினான். "கிட்டப் போ. பயமுறுத்து."

கீகோ மான்சுர் பாலத்தில் ஏறினான். மெதுவாக வந்தான். பிக்கப்பின் மூக்கு சுல்மாவின் தோள் உயரத்துக்கு வந்து நின்றது. அவள் பக்கத்துக் கதவுக்கும் அதற்கும் இடையே ஒரு சாண். டர்போ மூச்சு விட்டது. சூடு அவள் கன்னத்தில் பட்டது. நல்ல வண்டி, அவளுக்குத் தெரியும். வேறொரு நாள் என்றால் இந்த வண்டியை இந்தச் சாலையில் மட்டும் ஆறு பேருக்கு விற்றிருப்பாள்.

அவள் பக்கத்து சீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றினாள். ஒருமுறை உறிஞ்சினாள். பிறகு ஜன்னல் வழியாகக் கீகோவிடம் நீட்டினாள்.

"சர்க்கரை இல்ல" என்றாள்.

கீகோ மாத்தேயைப் பார்த்தான். லார்ரேயாவைப் பார்த்தான். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து வாங்கிக்கொண்டான்.

"என்னடா பண்றே?" என்றான் லார்ரேயா.

"சேத்துல ஓட்டத்தான் எனக்குக் காசு பேசினீங்க. கார் மேல ஓட்ட இல்ல" என்றான் கீகோ, கோர்தோபா இழுப்போடு. "அதுவும் உள்ள ஆளு உக்காந்திருக்கிற கார்."

"கத்தரியை எடுத்துட்டு வா" என்று லார்ரேயா கத்தினான்.

கத்தரிக்காரன் வரவில்லை. "வெட்டி என்ன சார் பண்றது? வண்டி எது வழியாப் போகும்? இவங்க மேலயா?"

லார்ரேயா பாலத்தின் ஓரத்தில் நின்று வாய்க்காலை எட்டிப் பார்த்தான். அவன் வெள்ளை அடிப்பாகம் வழுக்கியது. ஒனேலியோ கை கொடுத்துப் பிடித்தார்.

"பாத்து. அது ஆழம்" என்றார்.

நான்கு மணி ஆனது. ஐந்து ஆனது. லார்ரேயா தார்ச்சாலையில் மேலும் கீழும் நடந்து தொலைபேசியில் பேசினான். தலைநகரிலிருந்து யாரோ கத்தினார்கள். யாரோ சமாதானம் சொன்னார்கள். சுல்மா காரைவிட்டு இறங்கவில்லை. கால் மரத்தது. வயிறு இரைந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே அந்தக் கதவை நினைத்தாள். பசை ஒட்டிய இடம். அவள் பெயருக்கு அளவாகத்தான் இருந்திருக்கும். நினைத்து முடித்தாள். காற்று விடாமல் அடித்தது. சங்கிலிக்கு அப்பால் சாலையின் நடுமுதுகில் மண் வெளிறத் தொடங்கியது.

ஐந்தே முக்காலுக்குப் படப்பிடிப்புக்காரன் கேமராவைப் பெட்டிக்குள் வைத்தான். "வெளிச்சம் போயிடுச்சு சார்."

ஒனேலியோ செடானைச் சுற்றி வந்தார். ஒரு மணி நேரமாகவே அவர் கண் அதன்மேல்தான் இருந்தது. கூரையில் விரலால் கோடு இழுத்தார். பின் ஜன்னலில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தார்.

"சுல்மா, பின்னால இடம் எவ்வளவு? ஞாயித்துக்கிழமை ஐஸ்கிரீம் சாப்பிடப் போறப்ப பழைய கார்ல முழங்கால் இடிக்குதுன்னு எங்க வீட்டுக்காரி அமாலியா வாரா வாரம் புலம்புறா."

"உக்காந்து பாருங்க. பிக்கப்பை அவங்க தார்ச்சாலைக்கு எடுத்தப்புறம் ஒரு சுத்துப் போய்வரலாம்."

"வேகமாப் போகுமா?"

"வாரத்துல ஆறு நாள் மாட்டுப் பின்னால போறீங்க. ஏழாம் நாளுக்கு இது போதும்."

"போதும்ங்கறே?"

"அமாலியா கத்துற வரைக்கும் போகும்."

ஒனேலியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுல்மா பின்கதவின் பூட்டை மட்டும் விடுவித்தாள். அவர் பூட்ஸைக் கழற்றிப் பாலத்தில் ஜோடியாக வைத்தார். காலுறையோடு உள்ளே ஏறி, முழங்காலை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் இடிக்கவில்லை.

லார்ரேயா ஜன்னலருகே வந்து குனிந்தான். முகம் சிவந்திருந்தது. கத்திக் கத்திக் குரல் கரகரத்தது.

"திங்கட்கிழமை அந்தக் கதவுல வேற ஒருத்தன் பேரு இருக்கும். தலைநகர்லேர்ந்து ஆள் அனுப்புறேன். உனக்கு அந்த ஷோரூம்ல நாற்காலியே இருக்காது. தெரியும்ல?"

சுல்மா கீகோவிடமிருந்து மாத்தேயைத் திரும்ப வாங்கினாள். வெந்நீர் ஊற்றி லார்ரேயாவின் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் கையை மடக்கவில்லை.

"யார் பேரை வேணும்னாலும் எழுதிக்கோங்க. அவரு வண்டி விக்கணும்னு இங்க வந்து நின்னா, இந்தப் பூட்டை யாரு திறப்பா?"